மதுரையைச் சுற்றி மலை நடை: புதிதாகக் கிளம்புபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, யானைமலை என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது என் பல வருடப் பழக்கம். புதிதாக வருபவர்கள் ஏறும்போது பெரிதாகத் தடுமாறுவதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தில் தவறுகிறார்கள், அப்புறம் இறங்கும் வழியில் தவறுகிறார்கள். மதுரைக் குன்றுகள் உயரத்தில் சின்னவைதான். ஆனால் பெரும்பாலும் மொட்டைப் பாறை, ஒதுங்க நிழல் கிடைக்காது. கொடைக்கானல் குளிரில் நடந்து பழகியவர்களும் முதல் நான்கு பகுதிகளைப் படிக்காமல் விட வேண்டாம்.

1. இறங்கி முடிக்கும் நேரத்தை முதலில் குறியுங்கள்

எல்லோரும் "எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்று கேட்கிறார்கள். நான் "எத்தனை மணிக்குக் கீழே இருக்க வேண்டும்?" என்று கேட்பேன். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் கிளம்பும் நேரம் தானாக வந்துவிடும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை ஒன்பதரைக்குள் மண்தரைக்கு வந்துவிட வேண்டும். மார்ச்சுக்கு மேல் எட்டு மணி. சித்திரை, வைகாசியில் மொட்டைப் பாறைப் பக்கமே போகாதீர்கள், தெப்பக்குளத்தைச் சுற்றினால் போதும்.

காரணம், வெயில் தலையில் மட்டும் விழுவதில்லை. பாறை அதை வாங்கி வைத்துக்கொண்டு கீழிருந்து திருப்பித் தரும். ஒருமுறை பத்து மணிக்கு மேல் இறங்கினோம். கூட வந்த பையன், பத்து வயது இருக்கும், சரிவில் உட்கார்ந்து இறங்குவதற்காக உள்ளங்கையை ஊன்றியவன் அலறிக்கொண்டு எடுத்துவிட்டான். கையை ஊன்ற முடியாவிட்டால் சரிவில் இறங்க முடியாது. அன்று அவன் கைக்குத் துண்டைச் சுற்றித்தான் இறக்கினோம். நேரத்தை முடிவு செய்தது நான், அதனால் தவறும் என்னுடையது.

ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். ஜனவரியில் ஆறரை தாண்டும். ஆகவே குளிர்காலத்தில் கையில் இருப்பது மூன்று மணி நேரம்கூட இல்லை. ஏறவும் சுற்றிப் பார்க்கவும் அதில் பாதி, மீதிப் பாதி முழுக்க இறக்கத்துக்கு.

"சாயங்காலம் குளிர்ச்சியாக இருக்குமே" என்று நினைக்க வேண்டாம். பகல் முழுக்கக் காய்ந்த பாறை பொழுது சாய்ந்த பிறகும் சுடும். அது ஆறுவதற்குள் இருட்டிவிடும். இருட்டில் இறங்குவதைவிட ஏறாமலே இருக்கலாம்.

2. மூன்று வாரம் சமதரையில் நடங்கள்

முதல் வாரம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர். நான்கு சுற்று நடந்தால் ஐந்து கிலோமீட்டர். விடியற்காலையிலேயே ஆள் நடமாட்டம் இருக்கும், தனியாகப் போனாலும் பயமில்லை.

இரண்டாம் வாரம் திருப்பரங்குன்றத்தைச் சுற்றும் கிரிவலப் பாதை. பௌர்ணமி அன்று கூட்டமாக இருக்கும், மற்ற நாளில் போங்கள். மலைக்கு மிக அருகில் நடப்பதால் எந்தப் பக்கம் எப்போது வெயில் வருகிறது, மலை நிழல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது கண்ணுக்குப் பழகும். பின்னால் மற்ற மலைகளில் இது உதவும்.

மூன்றாம் வாரம் மாடிப்படி. மூன்று மாடிக் கட்டடம் ஏதாவது கிடைத்தால் பத்து முறை ஏறி இறங்குங்கள், கைப்பிடியைத் தொடாமல் நிதானமாக. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும். இறக்கத்தில் உடம்பின் எடையைத் தாங்குவது தொடையின் முன்தசையும் முழங்காலும். அது பழகாதவர்களுக்குப் பாதி மலையில் கால் வெடவெடவென்று ஆடத் தொடங்கும். மூன்றாம் வாரக் கடைசியில் மறுநாள் தொடை வலிக்கவில்லை என்றால் மலைக்கு வரலாம்.

3. பையில் இருக்க வேண்டியவை

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். மேலே சுனை இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். சுனையில் எப்போதும் தண்ணீர் இருக்காது, இருந்தாலும் குடிக்கிற நிலையில் இருக்காது. ஒரு லிட்டரை ஏற்றத்திலும் மேலேயும் குடிக்கலாம், இன்னொன்று இறங்கும் வரை பையிலேயே இருக்கட்டும். மேலே போனதும் இரண்டையும் காலி செய்துவிட்டு நாக்கு வறண்டு இறங்குவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

உப்பு சர்க்கரைத் தண்ணீர் கரைத்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டருக்குச் சமமாக வழித்த ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிட்டால் கெடுதல், அதனால் கண்ணளவில் போட வேண்டாம். வேர்த்துக் கொட்டும் உடம்பு வெறும் தண்ணீரை மட்டும் ஏற்றிக்கொண்டே இருந்தால் உப்பு குறைந்து கால் சுண்டி இழுக்கும்.

பருத்தித் துண்டு ஒன்று கட்டாயம். தலைக்கு, கழுத்துக்கு, கைக்கு, கீழே விழுந்தால் கட்டுப்போட என்று அத்தனைக்கும் அதுதான். தின்பதற்குக் கடலைமிட்டாயும் வெள்ளரிக்காயும் போதும். வயிறு நிறைய இட்லி சாப்பிட்டு ஏறினால் பாதி வழியில் புரட்டும், பலகாரத்தைக் கீழே வந்து வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் முதுகில் மாட்டும் பைக்குள் போக வேண்டும். கையில் பாலித்தீன் பை வேண்டாம். இரண்டு கையும் பாறைக்குத் தேவைப்படும், அதோடு குரங்குகள் பாலித்தீன் சரசரப்பை நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன.

4. காலில் போடுவது

புது ஷூ வேண்டாம். ஆறு மாதம் போட்டுப் பழகிய, அடியில் தடம் தேயாத ரப்பர் ஷூ நல்லது. எடுத்தவுடன் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கினால் பாறையைப் பிடிக்கும். கட்டையாக இருந்தால் வழுக்கும்.

சாதாரண ரப்பர் செருப்பு இரண்டு வகையில் கெடுதல். இறக்கத்தில் கால் முன்னால் வழுக்கி விரலிடுக்கு வாரை அறுத்துவிடும். அடிவாரத்தில் கிடக்கும் சீமைக்கருவேல முள் அடியைத் துளைத்துக்கொண்டு நேராகப் பாதத்துக்கு வரும். அதைக் குனிந்து பிடுங்கினால் பாதி உள்ளேயே ஒடிந்து நிற்கும்.

ஐயனார் கோயில், குடைவரை, சமணர் சிற்பங்கள் உள்ள இடங்களில் செருப்பை எங்கே கழற்ற வேண்டும் என்று ஊர்க்காரர்களைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். அவர்கள் கும்பிடும் இடத்துக்கு நாம் விருந்தாளிகள்.

5. முதல் மலை: கீழக்குயில்குடி சமணர் மலை

முதல் ஏற்றத்துக்கு இதைவிட நல்ல மலை மதுரைப் பக்கம் எனக்குத் தெரியவில்லை. நாகமலை புதுக்கோட்டைக்கு அருகில், நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பாறையில் வெட்டிய படிகளும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கின்றன. தாமரைக் குளம், பெரிய ஆலமரம், ஐயனார் கோயில் மூன்றும் அடிவாரத்தில் ஒரே இடத்தில் இருப்பதால் வழி தவறவும் மாட்டீர்கள்.

வண்டியை ஆலமரத்தடியில் நிறுத்திவிட்டு உடனே ஏறாதீர்கள். ஐந்து நிமிடம் நின்று மலையை அண்ணாந்து பாருங்கள். பழுப்புப் பாறையில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் ஓடும். அவை மழைத்தண்ணீர் இறங்கும் தடங்கள், அங்கே பாசி படிந்து காய்ந்திருக்கும். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. லேசாகப் பனியோ தூறலோ பட்டால் சோப்புப் போட்ட தரைதான்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆத்தா. நான் குறுக்கே ஏறப் பார்த்தபோது கீழிருந்து சத்தம் போட்டார். "கறுப்புல கால வைக்காதப்பு, அது தண்ணி போன தடம்!" அதற்குப் பிறகு எந்த மலைக்குப் போனாலும் முதலில் கறுப்புப் பட்டைகள் எங்கே இருக்கின்றன என்றுதான் பார்க்கிறேன்.

ஏறும் வரிசை இது. முதலில் செட்டிப்புடவு. மலையின் தென்மேற்குப் பக்கம் இருக்கும் குகை, சமண சமயக் குருமார்களான தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் உள்ளே இருக்கின்றன. ஏற்றம் சின்னது. கால் சூடாகவும், ஷூ பிடிக்கிறதா என்று பார்க்கவும் இதுதான் சரியான இடம். இங்கேயே வழுக்கினால் அன்றைக்கு மேலே போகாதீர்கள்.

அப்புறம் ஐயனார் கோயில் பக்கம் திரும்பி வந்து பேச்சிப்பள்ளம் ஏறுங்கள். வரிசையாக எட்டுச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள், பக்கத்தில் சுனை. நின்று நிதானமாகப் பார்க்கலாம், காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எழுத்தின் பள்ளங்கள் நன்றாகத் தெரியும். எழுத்துத் தெரியவில்லை என்று சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பது, பெயர் கீறுவது எல்லாம் கூடவே கூடாது. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டமே இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கும் மேலாக மழையையும் வெயிலையும் தாங்கி நிற்கும் எழுத்தின் மேல் ஒருவர் பெயர் கீறியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அதற்கும் மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்த இடத்தின் அடித்தளம், உச்சியில் விளக்குத்தூண். முதல் முறை பேச்சிப்பள்ளத்தோடு திரும்பலாம். மேலே போவதா என்பதை மனம் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல் கடிகாரத்தைப் பாருங்கள். இறங்கத் தொடங்க வேண்டிய நேரத்துக்கு முக்கால் மணி நேரம் மீதி இருந்தால் போங்கள், இல்லையென்றால் அடுத்த ஞாயிறு.

6. இறங்கும் முறை

ஏறிய வழியிலேயே இறங்குங்கள். மேலே நின்று பார்க்கும்போது வேறு பக்கம் சுலபமாகத் தோன்றும், ஆலமரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நம்பாதீர்கள். நம் குன்றுகள் குவிந்த பாறைகள். முட்டையின் மேல் நிற்கும் எறும்புக்கு அதன் அடிப்பக்கம் தெரியாது. மேலே மெல்லச் சரிகிற பாறை இருபது அடி போனதும் செங்குத்தாகிவிடும். அந்த இடத்தில் நின்று திரும்பி ஏறுவது, ஏறிவந்த ஏற்றத்தைவிடக் கடினம். இதற்காகவே ஏறும்போது அவ்வப்போது நின்று திரும்பிப் பாருங்கள். இறங்கும்போது தெரியப்போகும் காட்சி அதுதான்.

சரிவில் உள்ளங்கால் முழுவதும் பாறையில் படிய வேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்து குதிகாலை மட்டும் ஊன்றுபவர்கள்தான் வழுக்குகிறார்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, எடையைப் பாதத்தின் மேலேயே வைத்து, சின்னச் சின்ன அடியாக வாருங்கள். ரொம்பச் சரிவாக இருந்தால் பக்கவாட்டில் இறங்கலாம். பயமாக இருந்தால் உட்கார்ந்தே இறங்குங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பாறையைவிட மோசமானது பாறைமேல் கிடக்கும் பொடிமணல். கோலிக்குண்டு மாதிரி காலை உருட்டிவிடும். எங்கள் கூட்டத்தில் விழுந்தவர்களில் பாதிப் பேர் கடைசி ஐம்பது அடியில் விழுந்தவர்கள். "வந்தாச்சு" என்று பேச ஆரம்பித்தவுடன் கண் தரையை விட்டுப் போய்விடுகிறது. ஐயனார் கோயில் மண்ணை மிதிக்கும் வரை பேச்சு வேண்டாம்.

7. இரண்டாவது: அழகர்மலை

வெயிலுக்குப் பயப்படாமல் நடக்க நமக்கு இருக்கும் வழி இது. அழகர்கோவில் மதுரைக்கு வடக்கே 21 கிலோமீட்டர், டவுன் பஸ் அடிக்கடி உண்டு. கோயிலிலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை மரங்களுக்கு நடுவே ஏறும் சாலை, நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தார்ச்சாலை என்பதால் மூச்சையும் நடையையும் ஒரே சீராக வைத்துப் பழகலாம்.

சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். அது வனத்துறை இடம், காட்டுமாடு நடமாட்டம் உள்ள மலை. வேன்கள் வரும் சாலை என்பதால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடங்கள். கொண்டை ஊசி வளைவில் மட்டும் வெளிவட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

குரங்குத் தொல்லை இங்கேதான் அதிகம். தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள். பிடுங்க வந்தால் பிடித்து இழுக்காமல் விட்டுவிடுங்கள், கடி வாங்கினால் ஊசி போட அலைய வேண்டும். பல்லைக் காட்டிச் சிரித்தாலும் கண்ணோடு கண் பார்த்தாலும் அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும்.

8. மூன்றாவது: அரிட்டாபட்டி

மேலூர்ப் பக்கம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், 2022 நவம்பரில் அறிவித்தார்கள். மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். ஏழு குன்றுகள், இடையிடையே கண்மாய்கள், ஊருணிகள். இங்கே உச்சியைத் தொடுவது நோக்கமாக இருக்க வேண்டாம். குன்றுகளின் அடியை ஒட்டி, கண்மாய்க் கரையில் நடப்பதுதான் சுகம்.

ஆனைகொண்டான் கண்மாய்க் கரை, குடைவரைச் சிவன் கோயில், தீர்த்தங்கரர் சிற்பமும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் உள்ள குகைத்தளம் என்று போகலாம். ஒன்றுக்கொன்று வழி பிரிவதால் ஊரில் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவருக்குரியதைக் கொடுத்துவிடுங்கள். கைபேசி வரைபடம் காட்டும் கோடு யாரோ ஒருவரின் வயல் நடுவே போகும், வரப்பை மிதித்துச் சரித்தால் அவருடைய தண்ணீர் போய்விடும்.

சத்தம் கூடாது, பாட்டுப் பெட்டி கூடவே கூடாது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு என்ற வேட்டைப் பறவைகள் மூன்றும் இருக்கும் இடம் இது. பாறை முகட்டில் கூடு கட்டும் பறவைகள் ஆளைக் கண்டு எழுந்து போனால், முட்டையும் குஞ்சும் அந்த வெயிலில் கிடக்கும். தலைக்கு மேல் ஒரு பறவை கத்திக்கொண்டே வட்டமிட்டால் நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். படம் எடுக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

9. நான்காவது: யானைமலை

ஒத்தக்கடையிலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் யானையேதான். நரசிங்கம் ஊர்ப் பக்கத்திலிருந்து சமணர் குகை வரை ஏறுங்கள். அதற்கு மேல் உச்சி வரை போவது தனிக் கணக்கு. பிடிக்கக் கம்பி இல்லாத, குவிந்த வெறும் பாறை. முந்தைய மூன்று இடங்களிலும் இரண்டிரண்டு முறை நடந்தவர்கள், வழி தெரிந்த உள்ளூர்க்காரரோடு மட்டும் போகலாம். மழை பெய்த மறுநாள் யாரும் வேண்டாம்.

மலைத்தேனீக்கள் பாறை முகப்பில் கூடு கட்டும். வாசனைத் திரவியம் போடாதீர்கள், புகை கூடாது, கல் எறியும் பிள்ளைகளைக் கூட்டி வராதீர்கள். கலைந்துவிட்டால் துண்டால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு நகர வேண்டும். கையை வீசி அடித்தால் இன்னும் கூடும்.

10. அனுமதி இல்லாமல் போகக் கூடாத இடங்கள்

வாடிப்பட்டிப் பக்கம் குட்லாடம்பட்டி, சிறுமலைக் காடு, சாப்டூர்ப் பக்க மலைகள் எல்லாம் வனத்துறையின் கையில் இருப்பவை. "நம்ம ஊர்க்காரர் கூட்டிப் போவார்" என்பது அனுமதி ஆகாது. 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மாட்டி 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன.

2024 அக்டோபரிலிருந்து வனத்துறை நாற்பது பாதைகளை வழிகாட்டியோடு திறந்து, இணையத்தில் பதிவு செய்ய வழி வைத்திருக்கிறது. காட்டுக்குள் போக ஆசை இருந்தால் அதில் பதியுங்கள். கோடையில் தீ அபாயம் உள்ள வாரங்களில் மூடிவிடுவார்கள், அப்போது வேறு வழி தேட வேண்டாம். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், ஏறித் தப்பிக்கப் பார்க்கும் ஆளைவிட வேகமாக.

11. ஏதாவது நடந்துவிட்டால்

கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒருவரிடம் மலையின் பெயர், அடிவாரக் கோயிலின் பெயர், இறங்கும் நேரம் மூன்றையும் சொல்லிவிடுங்கள். 108-ஐ அழைத்தால் "சமணர் மலை மேலே இருக்கிறோம்" என்று சொன்னால் வண்டி எங்கே வரும்? "கீழக்குயில்குடி ஐயனார் கோயில், தாமரைக் குளத்தங்கரை" என்று சொல்லுங்கள். ஒருவர் கீழே போய்ச் சாலையில் நிற்கட்டும்.

வெயிலில் ஒருவருக்குத் தலை சுற்றினால் பாறை நிழலில் படுக்க வைத்து, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினாலோ ஆள் தடுமாறினாலோ வாயில் ஒன்றும் ஊற்றாமல் உடம்பை நனைத்துக்கொண்டே உடனே 108.

பாறை இடுக்கில் கையை விடாதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள். சுருட்டை விரியன் அங்கேதான் சுருண்டிருக்கும். கடித்துவிட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். அந்தக் கை காலை அசைக்காமல் வைத்து, ஆளை நடக்க விடாமல் தூக்கி இறக்கி, நேராக ராஜாஜி அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

12. கீழே வந்த பிறகு

தலையை எண்ணுங்கள். பையில் வைத்த குப்பையை அடிவாரத்தில் கொட்டாமல் வீட்டுக்குக் கொண்டு போங்கள். ஷூவைக் கழற்றி அடியைப் பாருங்கள், தைத்திருக்கும் முள்ளை இப்போதே எடுத்துவிட்டால் அடுத்த வாரம் அது பாதத்துக்கு வராது. பையில் மீதி இருக்கும் தண்ணீரை இங்கே குடித்து முடியுங்கள். அது அரை லிட்டராவது இருந்தால் கணக்குச் சரி. ஒரு சொட்டும் இல்லையென்றால் அடுத்த முறை இன்னொரு பாட்டில்.